மலைக்குளிரில் டர்ன்டேபிள்: கார்ட்ரிட்ஜையும் டோன்ஆர்மையும் சரிசெய்யும் முறை

குன்னூரில் என் வீட்டுக் கூடத்தில், ஜனவரி மாதக் காலை ஏழு மணிக்கு, சுவரில் மாட்டிய வெப்பமானி 11 டிகிரியைக் காட்டும். அந்த நேரத்தில் டர்ன்டேபிளில் இசைத்தட்டைப் போட்டால், பாட்டில் வரும் ஒவ்வொரு ‘ஸ’காரமும் சீறும். அதே தட்டை, அதே முள்ளைக் கொண்டு, இரவில் கணப்பு எரிந்து கூடம் 21 டிகிரிக்கு வந்த பிறகு போட்டால் அந்தச் சீறல் இருந்த இடம் தெரியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு குளிர்காலங்கள் ஆயின. இடையில், முள் தேய்ந்துவிட்டது என்று எண்ணி, இன்னும் பல மாதங்கள் உழைத்திருக்கக்கூடிய நல்ல முள் ஒன்றைக் கழற்றி எறிந்தேன்.

காரணம் எளியது. முள்ளைத் தாங்கும் மெல்லிய குச்சியான கான்டிலீவர், முள்ளின் அசைவை மின்னலையாக மாற்றும் சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சிறிய ரப்பர் வளையத்தில் பொருந்தியிருக்கிறது. குளிரில் ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர், தட்டின் பள்ளத்திலுள்ள வேகமான நெளிவுகளுக்கு முள்ளை ஈடுகொடுக்க விடாது. முள் பள்ளத்தின் சுவரை விட்டு விலகி, மறுகணம் அதன்மீது மோதும். நமக்குச் சீறலாகக் கேட்பது அந்த மோதல்தான். கார்ட்ரிட்ஜுக்கு உற்பத்தியாளர்கள் தரும் எடைக் கணக்குகள் 20 டிகிரியோ அதற்குச் சற்று மேலோ உள்ள அறையை மனத்தில் கொண்டவை. ஆகவே நீலகிரியிலோ கொடைக்கானலிலோ டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள், எந்த வெப்பநிலையில் வழக்கமாகப் பாட்டுக் கேட்கிறார்களோ அந்த வெப்பநிலையில்தான் கீழ்க்கண்ட வேலைகள் அனைத்தையும் செய்ய வேண்டும். கூடத்தைச் சூடாக்கி, மோட்டாரை இருபது நிமிடம் சுழலவிட்டு, பிறகு கருவிகளை எடுங்கள். ஹீட்டரை டர்ன்டேபிளுக்கு அருகே வைக்க வேண்டாம், தட்டுகள் வளைந்துவிடும்.

தேவையான கருவிகள் அதிகமில்லை: கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டத்தின் சிறிய வடிவம் ஒன்று, மெல்லிய திருப்புளி, சாமணம், கைவிளக்கு, வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸ், ஒரு துண்டு முகம் பார்க்கும் கண்ணாடி, முள்ளின் எடையைக் கிராமில் காட்டும் சிறு டிஜிட்டல் தராசு, முள்ளின் கோணத்தைச் சரிபார்க்க அச்செடுத்த அளவுத்தாள் ஒன்று.

இடமும் மட்டமும்

பழைய எஸ்டேட் பங்களாக்களின் மரத்தரை பார்க்க அழகானது, டர்ன்டேபிளுக்குப் பகையானது. யாராவது நடந்தால் தரை விநாடிக்குச் சில முறை என்ற கணக்கில் மெதுவாக அதிரும். அந்த அதிர்வு முள்ளை வந்தடைந்தால், காதுக்குக் கேட்காவிட்டாலும், ஸ்பீக்கர் கூம்பு காற்றில் அசையும் திரையைப்போல முன்னும் பின்னும் ஆடுவதைக் கண்ணால் பார்க்கலாம். இதற்குக் கார்ட்ரிட்ஜில் மருந்து இல்லை. கனமான கல்சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, அதன்மேல் பலகை போட்டு டர்ன்டேபிளை வைப்பதே நான் கண்ட நல்ல தீர்வு. கோத்தகிரியில் ஒரு பெரியவர் வீட்டில் இப்படி இடம் மாற்றியதும், அதுவரை முள் தாவிக்கொண்டிருந்த தட்டு ஒழுங்காக ஓடியது. “நாலு கார்ட்ரிட்ஜ் மாத்திப் பார்த்தேன் தம்பி, பலகையை மாத்தணும்னு தோணலையே” என்றார் அவர்.

சரிவில் கட்டிய வீடுகளில் தரை ஒரு பக்கம் தாழ்ந்திருப்பது அரிதல்ல. ஆகவே ரசமட்டத்தை மேசையில் வைக்காமல் சுழல்தட்டின் மீதே வைத்து, முதலில் இடம்-வலமாகவும் பிறகு முன்-பின்னாகவும் பாருங்கள். கால்களைத் திருகிச் சரிசெய்யலாம். கால்களில் திருகு இல்லையென்றால் அடியில் மெல்லிய தகடு வைக்கலாம். மட்டம் தவறினால், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் நீண்ட கையான டோன்ஆர்ம் தானாகவே ஒரு பக்கம் சரியும். பின்னால் செய்யும் எல்லாக் கணக்கும் அதனால் பொய்க்கும்.

டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. டோன்ஆர்மின் செயல் எடை (அது அசையும்போது முள் உணரும் எடை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை ஆகியவற்றைக் கிராமில் கூட்டி, முள் எவ்வளவு எளிதாக அசைந்துகொடுக்கும் என்பதைக் காட்டும் கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு எண்ணால் பெருக்கி, வரும் தொகையின் வர்க்கமூலத்தால் 159ஐ வகுத்தால், இரண்டும் சேர்ந்து இயல்பாக அதிரும் எண்ணிக்கை கிடைக்கும். அது 8க்கும் 12 ஹெர்ட்ஸுக்கும் இடையில் இருக்க வேண்டும். 12 கிராம் டோன்ஆர்ம், 6 கிராம் கார்ட்ரிட்ஜ், 1 கிராம் திருகு, நெகிழ்வு எண் 20 என்றால் விடை ஏறத்தாழ 8.2. மரத்தரை வீட்டுக்காரர்கள் 10க்குப் பக்கத்தில் வரும் இணையைத் தேடுவது நல்லது. நடையதிர்விலிருந்து அது தள்ளி நிற்கும்.

கார்ட்ரிட்ஜைப் பொருத்துதல்

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்த வேலையைத் தொடங்கும் முன் கம்பளிச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிவிடுங்கள், அல்லது சட்டையையே கழற்றிவிடுங்கள். ஒரு டிசம்பரில், டோன்ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜ் பொருந்தும் ஹெட்ஷெல்லை நோக்கி நான் கையை நீட்டியபோது, சட்டை ஓரத்தில் பிரிந்திருந்த ஒரே ஒரு கம்பளி நூல் முள்ளில் மாட்டிக்கொண்டது. கையை இழுத்த பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கான்டிலீவர் வேரோடு வளைந்து, முள் பக்கவாட்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நிமிர்த்த முடியாது, நிமிர்த்தினால் ஒடியும்.

முள்ளின் மேல் காப்பு மூடி மாட்டியிருக்கும்போதே, ஹெட்ஷெல்லின் நான்கு கம்பிகளைச் சாமணத்தால் பிடித்து, கார்ட்ரிட்ஜின் பின்புற ஊசிகளில் செருகுங்கள். வெள்ளை இடப்பக்க ஒலி, நீலம் அதன் தரை (எர்த்) இணைப்பு. சிவப்பு வலப்பக்க ஒலி, பச்சை அதன் தரை. இழுப்பதானாலும் தள்ளுவதானாலும் உலோக முனையைப் பிடிக்க வேண்டும், கம்பியைப் பிடித்தால் அறுந்துவிடும். பிறகு இரண்டு திருகுகளையும் மாட்டுங்கள். பெரும்பாலான கார்ட்ரிட்ஜ்களில் திருகுத் துளைகளுக்கு இடையே 12.7 மில்லிமீட்டர் தூரம் இருக்கும். இப்போதைக்குத் திருகுகளை முறுக்க வேண்டாம். விரலால் தள்ளினால் கார்ட்ரிட்ஜ் நகர வேண்டும், தானாக நழுவக் கூடாது.

முள்ளின் எடை

டோன்ஆர்ம் மையம் நோக்கி இழுபடுவதைச் சமன் செய்யும் ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். முள் மூடியைக் கழற்றுங்கள். மூடிக்கும் எடை உண்டு, அதோடு சமன் செய்தால் கணக்குத் தவறும். சுழல்தட்டுக்கு வெளியே, முள் எதிலும் படாத இடத்தில், டோன்ஆர்மை மெல்ல விடுவித்து, பின்புற எதிரெடையைத் திருகித் திருகி, அது மேலும் போகாமல் கீழும் இறங்காமல் காற்றில் மட்டமாக மிதக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பின் டோன்ஆர்மை அதன் தாங்கியில் மாட்டிவிட்டு, எதிரெடையை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். இனி எதிரெடையை வளையத்தோடு சேர்த்துத் திருகினால் வளையம் காட்டும் எண்ணே முள்ளின் எடை. தராசு இருந்தால் அதை நம்புங்கள், வளையத்தை அல்ல; தராசின் மேற்பரப்பு இசைத்தட்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

எவ்வளவு எடை என்பதை உற்பத்தியாளரின் தாள் சொல்லும். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜுக்கு 1.8 கிராம், ஆடியோ-டெக்னிக்கா விஎம்95ஈக்கு 2 கிராம், டெனான் டிஎல்-103க்கு 2.5 கிராம். ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் சிறிது இடம் உண்டு. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எடை குறைந்தால் தட்டு தேயாது என்ற எண்ணத்தில், தரப்பட்ட அளவின் கீழ் எல்லைக்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள். உண்மை நேர் எதிரானது. போதிய எடை உள்ள முள், பள்ளத்தின் இரு சுவர்களையும் விடாமல் பிடித்துக்கொண்டு வழுக்கிச் செல்கிறது. எடை போதாத முள் துள்ளித் துள்ளிச் சுவரைக் கொத்துகிறது, கொத்திய இடம் பிறகு எந்த முள்ளுக்கும் நல்ல ஒலி தராது. இரவல் வாங்கிய பழைய தட்டுகளில், உச்ச சுரங்களில் மட்டும் நீங்காத கரகரப்பு இருந்தால் அது பெரும்பாலும் இப்படி வந்த காயம். ரப்பர் சற்று இறுகியே இருக்கும் நம் மலைவீடுகளில், அனுமதித்த எல்லைக்குள் மேற்பகுதியில் எடையை வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. 1.6 முதல் 2 வரை என்று தாள் சொன்னால், நான் 1.9இல் வைக்கிறேன்.

இரண்டு புள்ளிகள்

இசைத்தட்டு முதன்முதலில் வெட்டப்படும் எந்திரத்தில், வெட்டும் முனை விளிம்பிலிருந்து மையம் நோக்கி ஒரே நேர்க்கோட்டில் நகர்கிறது. நம் டோன்ஆர்மோ ஒரு மூலையில் ஊன்றி நின்று வில்போல வளைந்து நகர்கிறது. எனவே வெட்டிய கோணமும் வாசிக்கும் கோணமும் தட்டு முழுவதும் ஒன்றாக இருக்க வழியில்லை. ஹெட்ஷெல்லைச் சற்று உட்பக்கம் திருப்பி, முள்ளை நடுத்தண்டுக்குச் சற்று அப்பால் நீளவிட்டால், தட்டின் இரண்டு இடங்களிலாவது முள் பள்ளத்துக்குச் சரியான தொடுகோட்டில் நிற்கும். மற்ற இடங்களிலும் பிழை மிகச் சிறியதாக இருக்கும். ஆய்வாளர்களான லோஃப்கிரென் 1938இலும் பேர்வால்டு 1941இலும் இதற்கான கணக்கைத் தந்தார்கள். இன்று கிடைக்கும் அளவுத்தாள்கள் அந்த வழியில் வந்தவையே.

பேர்வால்டு முறையில் அந்த இரண்டு புள்ளிகளும் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டர், 120.9 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கின்றன. இன்னொரு முறையான ஸ்டீவன்சன் முறையில் 60.3, 117.4. எதைத் தேர்வது என்பது உங்கள் அலமாரியைப் பொறுத்தது. பன்னிரண்டு அங்குல எல்பியின் ஒலிப்பள்ளம் மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் தொலைவு வரை வரலாம். ஏழு அங்குலச் சினிமாப் பாட்டுத் தட்டுகளில் இன்னும் உள்ளே, லேபிளை ஒட்டிப் போகும். கச்சேரி எல்பிகளே அதிகம் என்றால் பேர்வால்டு முறை பக்கம் முழுவதும் சீராக இருக்கும். ஏழு அங்குலத் தட்டுகள் பெட்டி பெட்டியாக இருந்தால் ஸ்டீவன்சன் முறையை வையுங்கள். உள் பள்ளத்தில் பிழை குறையும். என்னிடம் எல்பிகளே மிகுதி, ஆகவே பேர்வால்டு.

தாளை அச்செடுக்கும்போது அளவைச் சுருக்காமல் முழு அளவில் எடுத்து, அதில் உள்ள அளவுக்கோட்டை ஸ்கேல் வைத்துச் சரிபாருங்கள். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் தாள் வீண். தாளின் துளை நடுத்தண்டில் ஆடாமல் பொருந்த வேண்டும். சுழல்தட்டு நகராதபடி ஓரத்தில் காகிதத் துண்டைச் செருகிவிட்டு, முள்ளை வெளிப்புள்ளியின் மீது இறக்குங்கள். லென்ஸை மாட்டி, விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடித்து, முன்னாலிருந்து நேராகப் பாருங்கள். முள் புள்ளியின் நடுவில் நிற்க, கான்டிலீவர் தாளில் வரைந்த இணைகோடுகளோடு ஒரே திசையில் ஓட வேண்டும். கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்த்து ஏமாற வேண்டாம். உடலுக்குள் கான்டிலீவர் சிறிது கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். வெளிப்புள்ளியில் சரியானதும் டோன்ஆர்மைத் தூக்கி உள்புள்ளியில் வைத்துப் பாருங்கள். அங்கே கோணல் தெரிந்தால், கார்ட்ரிட்ஜை அரை மில்லிமீட்டர் முன்னே தள்ளி, மறுபடி இரண்டு புள்ளிகளிலும் பாருங்கள். பிழை குறைந்தால் அதே திசையில் தொடருங்கள், கூடினால் பின்னுக்கு இழுங்கள். நாலைந்து முறை போய் வந்தால் இரண்டும் ஒன்றுசேரும். பிறகு திருகுகளை மாறி மாறி, கால் சுற்று கால் சுற்றாக முறுக்குங்கள். ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கார்ட்ரிட்ஜ் திரும்பிவிடும். முறுக்கிய பின்பும் ஒருமுறை இரண்டு புள்ளிகளையும் பார்க்காமல் விடாதீர்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையில் பாதி குறைவு: ஹெட்ஷெல் பொருந்தும் இடத்து ரப்பர் வளையத்திலிருந்து முள் முனை வரை 52 மில்லிமீட்டர் இருந்தால் அந்த நிறுவனம் வகுத்த நிலை வந்துவிடும்.

கார்ட்ரிட்ஜை நகர்த்தியதால் முள்ளின் எடை மாறியிருக்கும். மீண்டும் சமன் செய்து, மீண்டும் நிறுத்துப் பாருங்கள்.

நிமிர்வும் உயரமும்

கண்ணாடித் துண்டைச் சுழல்தட்டில் வைத்து அதன்மேல் முள்ளை இறக்கி, முன்னாலிருந்து கவனியுங்கள். கார்ட்ரிட்ஜும் அதன் நிழலுருவும் ஒரே நேர்க்கோட்டில் நின்றால் முள் நிமிர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து அம்புமுனைபோல மடங்கித் தெரிந்தால் ஹெட்ஷெல்லைச் சிறிது திருப்ப வேண்டும். திருப்ப வசதியில்லாத டோன்ஆர்மில், சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உயரத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் அதிகம், ஆனால் அந்த அளவு கவலை தேவையில்லை. தட்டின் மீது முள் நிற்கும்போது டோன்ஆர்ம் தட்டுக்கு இணையாக இருந்தால் போதுமானது. 230 மில்லிமீட்டர் நீளமுள்ள டோன்ஆர்மின் பின்பகுதியை 4 மில்லிமீட்டர் உயர்த்தினால்தான் கோணம் ஒரு டிகிரி மாறுகிறது. கனமான தட்டுக்கும் மெல்லிய தட்டுக்கும் உள்ள வேறுபாடு அதில் கால் பங்குகூட வராது. பின்பகுதி மிக உயர்ந்தால் ஒலி கூர்மையாகவும், மிகத் தாழ்ந்தால் மந்தமாகவும் இருக்கும். கூம்பு வடிவ முள்ளில் இந்த மாற்றம் கேட்பதே கடினம்.

ஆன்டி-ஸ்கேட்டிங்கும் காதும்

ஹெட்ஷெல் உட்பக்கம் திரும்பியிருப்பதால், தட்டின் உராய்வு டோன்ஆர்மை எப்போதும் மையம் நோக்கி இழுக்கிறது. அதை வெளிப்பக்கம் இழுத்துச் சமன் செய்வதே ஆன்டி-ஸ்கேட்டிங். முள்ளின் எடை எண்ணையே இங்கும் முதலில் வையுங்கள். பிறகு காதை நம்புங்கள். பள்ளத்தின் உட்சுவரில் இடப்பக்க ஒலியும் வெளிச்சுவரில் வலப்பக்க ஒலியும் இருக்கின்றன. ஆகவே உரத்த இடங்களில் வலது ஸ்பீக்கர் முதலில் கரகரத்தால் முள் உட்சுவரில் சாய்ந்து வெளிச்சுவரை விடுகிறது என்று பொருள். குமிழைச் சிறிது கூட்டுங்கள். இடது ஸ்பீக்கர் கரகரத்தால் குறையுங்கள். பள்ளமே இல்லாத மழமழப்பான தட்டில் முள்ளை வைத்து, அது நகராமல் நிற்கும் அளவுக்குக் குமிழைத் திருப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு. பள்ளத்தில் ஓடும்போது உள்ள உராய்வு அங்கே இல்லை. அந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை.

சோதிக்க நம் இசையைவிட நல்ல அளவுகோல் இல்லை. நாகஸ்வரத் தட்டு ஒன்றின் கடைசி ஐந்து நிமிடங்களைக் கேளுங்கள். லேபிளை நெருங்க நெருங்கப் பள்ளம் நெருக்கமாகச் சுருளும். சீவாளியின் கூர்மையான நாதம் அங்கே கிழியாமல் வந்தால் உங்கள் இரண்டு புள்ளிகளும் சரியாக அமைந்திருக்கின்றன. குரலில் ‘ஸ’, ‘ச’ ஒலிகள் எச்சில் தெறிப்பதுபோல் வராமல், நாக்கின் நுனியில் பிறப்பதுபோல் வர வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி தனியாகவும் வலந்தலை தனியாகவும் கேட்க வேண்டும். தம்புராவின் சுருதி அலையாமல் நிற்க வேண்டும். அலைந்தால் உடனே மோட்டாரைக் குற்றம் சொல்லாமல் வேறு தட்டைப் போட்டுப் பாருங்கள், துளை மையம் தவறிய தட்டாக இருக்கலாம். எல்லாத் தட்டிலும் அலைந்தால் பெல்ட்டையும் வேகத்தையும் பார்க்க வேண்டும்: நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், 180 கோடுகள் கொண்ட வேகத்தாள் நியான் விளக்கின் கீழ் அசையாமல் தெரிந்தால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகம் சரி.

வேகமும் எடையும் கோணமும் சரியாக இருந்தும் ஒலி தெளியவில்லை என்றால் முள்ளின் முனையை லென்ஸில் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் நனைக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, காகித உறைக்குள் இருக்கும் தட்டுகளில் வெண்பூஞ்சை படரும். ஒரு பக்கம் ஓடுவதற்குள் அது முள்ளைச் சுற்றிச் சாம்பல் நிறப் பஞ்சுபோலத் திரண்டு, முள்ளைப் பள்ளத்திலிருந்து தூக்கிவிடும். மென்மையான தூரிகையால், எப்போதும் பின்னாலிருந்து முன்னோக்கி மட்டும், அதை நீக்குங்கள். பூஞ்சை பிடித்த வினைல் தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து துடைக்கலாம். 78 வேகத்தில் ஓடும் அரக்குத் தட்டுகளில் ஆல்கஹால் ஒரு துளிகூடப் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். அந்தத் தட்டுகளுக்கு முள்ளும் வேறு, அதன் முனையின் ஆரம் ஏறத்தாழ 75 மைக்ரான். எல்பி முள் அவற்றின் பள்ளத்தின் அடியில் உரசித் தேயும்.

முள்ளுக்கும் ஆயுள் உண்டு. ஆடியோ-டெக்னிக்கா நிறுவனம் கூம்பு முள்ளுக்கு 500 மணி நேரமும் நீள்வட்ட முள்ளுக்கு 300 மணி நேரமும் கணக்குச் சொல்கிறது. ஓடிய நேரத்தையும், அமைத்த நாளையும், அன்றைய அறை வெப்பத்தையும், முள்ளின் எடையையும், ஆன்டி-ஸ்கேட்டிங் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி டர்ன்டேபிளின் அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஏப்ரலில் ஒருமுறையும், புல்வெளியில் நீர்ப்பனி படியத் தொடங்கும் டிசம்பரில் ஒருமுறையும் தராசை எடுத்து அந்தச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்; சென்ற டிசம்பரில் 1.9 என்று எழுதியிருந்த இடத்தில் தராசு 1.7 காட்டியது, எதிரெடையை மீண்டும் திருகி வைத்தேன்.